லிஸ்ப் மொழியிற் பிற நூலகங்களை ஏற்றிய வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பு உலகறிந்தது. சூழவுள்ள குன்றுகள் காற்றைத் தடுக்க, பெருங்கலங்களும் தங்கத்தக்க ஆழத்தோடு அமைந்த அந்நீர்ப்பரப்பைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்போர் ஒருவர்பின் ஒருவராக நாடி வந்தமை வரலாறு. ஆயினும் ஒரு துறைக்கு ஆழமும் அரணும் மட்டும் போதா. வருகின்ற கலமும் அதனை ஏற்கின்ற கரையும் ஒரே வழக்கை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வழக்கு அறியாமையால் நேர்ந்த இடருக்கு இத்துறையை அடுத்த கொட்டியாரக் குடாவே சான்று பகரும். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்னும் கப்பல் 1659 நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்தருகே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்து, புதுப் பாய்மரம் நாட்டுதற்கும் வணிகஞ் செய்தற்குமாகக் கொட்டியாரத்தை அடைந்தது. மன்னனுக்குத் திருமுகமும் கையுறையும் முறைப்படி அனுப்பப்படவில்லை. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660 இற் கப்பலின் தலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸ் என்பானையும் மற்றுஞ் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை அங்கேயே இறந்தான். மகன் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679 இல் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினான். கப்பலில் வேறு குறை ஒன்றுமில்லை. துறையிலும் குறையில்லை. இரண்டிற்கும் இடையே இருந்திருக்க வேண்டிய முறைமையே இல்லாதிருந்தது.

பிற்காலத்தில் இக்குறையை நீக்குதற்குக் கடலோடிகள் பொதுக் குறியீடுகளை வகுத்தனர். 1857 இல் ஆங்கிலேயர் வெளியிட்ட கொடிக்குறி நூலிலிருந்து வளர்ந்த பன்னாட்டுக் குறிமுறையில், ‘ஜீ’ என்னும் கொடி வழிகாட்டி வேண்டுமென்பதையும், வெண்மையுஞ் செம்மையுமாக நெடுக்கே இரு பாதிகளைக் கொண்ட ‘எச்’ என்னும் கொடி வழிகாட்டி ஏறியுள்ளான் என்பதையும் உணர்த்தும். கப்பலோட்டி எம்மொழியினன் ஆயினும் ஆகுக, கொடி ஒன்றே.

கணினித் துறையிலும் இதனையொத்த சிக்கல் ஒன்று நெடுங்காலம் நிலவிற்று. ஒரு மொழியில் எழுதிய செய்நிரல், வேறொரு மொழியில் எழுதித் தொகுக்கப்பட்ட நூலகத்தைத் தன்னகத்தே ஏற்று, அதன் சார்புகளை ஏவல் கொள்வது எங்ஙனம்? ஒரே வேலையை யுனிக்ஸ் வழிவந்த முறைமையிலும், விண்டோஸிலும், மக்கின்ரொஷ் கணினியிலும் செய்வது எங்ஙனம்? பெரியதொரு மொழிக்கு இவ்வினா சிறிதே. பிற மொழிகளெல்லாம் அதனைத் தேடி வரும். லிஸ்ப் போன்று சிறு குழுவினராற் பேணப்பட்ட மொழிக்கோ இது வாழ்வு பற்றிய வினா. அன்றியும், தமிழர்க்கு இது பிறர் கதையன்று. ‘கொட்டியாரம்’ என்னும் பெயரின் முதலெழுத்து ஒரு லிஸ்ப் செய்நிரலின் திரையிற் பிழையின்றித் தோன்றுதல், அச்செய்நிரல் ஏற்றுக்கொண்ட பிற நூலகம் ஒன்றைப் பொறுத்தது. அது பின்னர்க் காட்டப்படும்.

லிஸ்ப் மொழியை 1958 இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஜோன் மக்கார்த்தி வகுக்கத் தொடங்கினார். அதன் கோட்பாட்டை விளக்கும் அவருடைய கட்டுரை 1960 இல் வெளிவந்தது. இம்மொழியின் பிறப்பில் ஒரு வியப்பு உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் வடிவகணிதத் தேற்றங்களை நிறுவும் செய்நிரலொன்றை ஆக்கிய கெலேன்ரரும் அவர்தம் தோழரும், மக்கார்த்தியின் ஆலோசனையின்படி, போட்ரான் மொழிக்குள்ளேயே பட்டியல்களைக் கையாளும் சார்புகளைச் சேர்த்திருந்தனர். ஆகவே பட்டியல் முறை முதலிற் பிறமொழியொன்றில் விருந்தாகத் தங்கியே வளர்ந்தது எனலாம். அவ்விருந்தாளி தனிவீடு கட்டிய பின்னர்ப் பிறரை உள்ளே விடுதற்குத் தயங்கியமைதான் அடுத்த இருபது ஆண்டுக் கதை.

தயக்கத்துக்குத் தக்க காரணங்கள் இருந்தன. லிஸ்ப் மொழியில் ஒவ்வொரு பொருளும் தான் இன்ன வகையினது என்னும் அடையாளத்தைத் தன்னுடனே தாங்கும். எண்ணாயின் அதன் கடைசிப் பிற்றுக்களில் ஓர் அடையாளம் இருக்கும். அடையாளத்துக்கென ஒரு பிற்றை ஒதுக்கிய செயலாக்கத்தில் 7 என்னும் எண் நினைவகத்தில் 14 போலவே கிடக்கும். அதனை அப்படியே சி மொழிச் சார்பொன்றுக்குக் கொடுத்தால், அச்சார்பு பதினான்கு என்றே வாசிக்கும். இது சிறு தொல்லை. மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. பெருந்தொல்லை நினைவகம் பற்றியது. பயனற்றுப் போன பொருள்களைத் தானே கூட்டித் துப்புரவாக்கும் முறையை உலகுக்கு முதலில் அளித்தது லிஸ்ப். பிற்காலத் துப்புரவாளர் பலர் குப்பையை அகற்றுவதோடு அமையாது, எஞ்சிய பொருள்களை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குப் பெயர்த்தும் வைப்பர். வீட்டுக்குரியோர்க்கு அது தெரியும், விருந்தினர்க்குத் தெரியாது. ஒரு பொருளின் முகவரியைச் சி மொழிச் சார்பு குறித்து வைத்துக்கொண்டிருக்கையில், அப்பொருள் இடம் பெயர்ந்துவிடின், சார்பு வெற்றிடத்திலோ பிறர் உடைமையிலோ எழுதிவிடும். செய்நிரல் அக்கணமே வீழ்ந்தால் நன்று. வீழாமற் சிலகாலம் ஓடிப் பின்னர் வேறெங்கோ பிழைப்பதே கொடிது.

எனவே, அரண் கட்டி வாழ்வதே நலமென ஒரு சாரார் கருதினர். மசாசுசெற்ஸ் ஆய்வுகூடத்திற் பிறந்த லிஸ்ப் இயந்திரங்கள் அக்கருத்தின் உச்சம். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் அவற்றை விற்பதற்கு லிஸ்ப் மெசின்ஸ், சிம்போலிக்ஸ் என்னும் நிறுவனங்கள் தோன்றின. பணிசெயல் முறைமையே லிஸ்ப். திரையும் வலையமைப்பும் லிஸ்ப். பிற நூலகம் என்னும் வினாவே அங்கு எழாது. போட்ரான், சி, பஸ்கால் முதலியன தேவைப்பட்டபோது, அவற்றின் தொகுப்பான்களையும் லிஸ்ப் மதிலுக்குள்ளேயே சிம்போலிக்ஸ் நிறுவனம் ஆக்கி அளித்தது. அழகிய நகரந்தான். ஆயின் விலை மலிந்த பொதுக் கணினிகள் பெருகியபோது அந்நகருக்கு வருவார் அருகினர்.

மற்றொரு சாரார் வேறு வழி கண்டனர். பிற்காலத்தோர் இவர்களைப் போதிய அளவு நினைவுகூர்வதில்லை. மல்டிக்ஸ் என்னும் முறைமையில் இயங்கு நிலையிலேயே நூலகங்களை இணைக்கும் வசதி அறுபதுகளிலேயே வகுக்கப்பட்டிருந்தது. அம்முறைமையில் 1978 இல் பேர்னாட் கிறீன்பேர்க், ஈமாக்ஸ் என்னும் உரைபதிப்பானை மக்லிஸ்ப் மொழியில் எழுதினார். பி.எல். ஒன்று என்னும் மொழியிலமைந்த முறைமைச் சார்புகளை லிஸ்பிலிருந்து அழைப்பதற்கு அங்கே தனி அறிவிப்பு ஒன்று இருந்தது. இன்ன சார்பு, இன்ன வகையான உள்ளீடுகள், இன்ன விடை என்று முன்னரே சொல்லிவிட்டால், இடையிலுள்ள மாற்றங்களை மொழியே செய்துகொள்ளும். திருமுகம் அனுப்பிய பின்னரே கரையிறங்கும் முறை இது.

யுனிக்ஸ் உலகில் இதனைச் செய்தது பிரான்ஸ் லிஸ்ப். மக்சீமா என்னும் இயற்கணிதச் செய்நிரலை வக்ஸ் கணினியில் இயக்கும் பொருட்டு, கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் றிச்சேட் பேற்மனும் மாணவரும் எழுபதுகளின் இறுதியில் இதனை ஆக்கினர். இசைமேதை பிரான்ஸ் லிஸ்றின் பெயரோடு விளையாடி அவர்கள் தொகுப்பானுக்கு ‘லிஸ்ற்’ என்றே பெயர் சூட்டினர். இம்மொழியில், சி, போட்ரான், பஸ்கால் மொழிகளிலே தொகுக்கப்பட்ட கோப்பொன்றை ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்புக்குள் ஏற்றுதற்கு ஒரு சார்பு அமைந்திருந்தது. அது செய்த வேலை முரடானது. யுனிக்ஸின் இணைப்பானை வெளியே தனியாக ஓட்டி, புதிய கோப்பைத் தன் முகவரிகளுக்கேற்ப இணைக்கச் செய்து, விளைவை நினைவகத்தில் இட்டுக்கொள்ளும். முரடாயினும் பயன்பட்டது. பலர் உழைத்து எழுதிய கணித நூலகங்கள் லிஸ்ப் மாணவர்க்கு மறுநாளே கிட்டின.

இதற்கிடையிற் பணிசெயல் முறைமைகளே மாறத் தொடங்கின. பல செய்நிரல்கள் ஒரே நூலகத்தைப் பகிர்ந்துகொள்ளும் கருத்து வலுப்பெற்றது. 1985 இல் வெளியான விண்டோஸின் முதற் பதிப்பு இக்கருத்தின் மேலேயே கட்டப்பட்டது. 1988 இல் சன் நிறுவனத்தின் நான்காம் பதிப்பு முறைமை, ஓடும் செய்நிரல் தானே நூலகத்தைத் திறந்து, பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் வழியை யுனிக்ஸ் உலகுக்குத் தந்தது. ‘டிஎல்-ஓப்பன்’, ‘டிஎல்-சிம்’ எனப்படும் அவ்விரு சார்புகளே பின்னர் லினக்ஸ் முதலியவற்றுக்கும் மக்கின்ரொஷுக்கும் பரவின. விண்டோஸில் அதே வேலையைச் செய்வன ‘லோட்-லைபிரரி’, ‘கெற்-புரோக்-அட்ரஸ்’ என்பன.

வேலை ஒன்றாயினும் வழக்குகள் ஒன்றாகவில்லை. நூலகக் கோப்பின் பெயர் லினக்ஸில் ‘எஸ்ஓ’ என்றும், விண்டோஸில் ‘டிஎல்எல்’ என்றும், மக்கின்ரொஷில் ‘டைலிப்’ என்றும் முடியும். லினக்ஸிற் பெயரின் பின்னே பதிப்பெண்ணும் தொடரும். தேடும் இடங்கள் வேறு. இவை மேற்போக்கான வேற்றுமைகள். ஆழமானவை கண்ணுக்குப் புலப்படா. 64 பிற்று இன்ரெல் வகைக் கணினியில், யுனிக்ஸ் வழக்கின்படி முதல் ஆறு முழுவெண் உள்ளீடுகள் பதிவகங்களிற் செல்லும்; விண்டோஸ் வழக்கின்படி முதல் நான்கே செல்லும். பதிவகங்களின் வரிசையும் வேறு. சி மொழியில் ‘லோங்’ எனப்படும் முழுவெண் லினக்ஸிலும் மக்கின்ரொஷிலும் 64 பிற்று உடையது. விண்டோஸில் 32 பிற்றே உடையது. ஒரே அறிவிப்பை மூன்று முறைமைகளுக்கும் எழுதிய செய்நிரலாளன், இரண்டிற் சரியான விடை பெற்று மூன்றாவதில் உயர்பாதி அறுந்த எண்ணைப் பெறுவான்.

இத்தகைய வேளையில் லிஸ்ப் மரபினர் செய்தது என்ன? பற்பல கிளைமொழிகளை ஒன்றாக்கும் முயற்சியாற் கொமன் லிஸ்ப் உருவாயிற்று. கை ஸ்ரீல் அதன் நூலை 1984 இல் வெளியிட்டார். 1994 இல் அது அமெரிக்கத் தேசிய நியமமாயிற்று. அப்பெருநூலிற் பிறமொழி நூலகங்களை ஏற்றுவது பற்றி விதியே இல்லை. முறைமைக்கு முறைமை மாறுவதொன்றை நியமமாக்க அஞ்சினர் போலும் என்று கொள்ளலாம். ஆயினும் விளைவு கொடிதாயிற்று. ஒவ்வொரு செயலாக்கமும் தனக்கென ஒரு வாயில் அமைத்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழக லிஸ்பும் அதனின்று 1999 இற் பிரிந்த எஸ்பிசிஎல்லும் அயற்பொருளுக்கு ‘ஏலியன்’ என்று பெயரிட்டன. பிற செயலாக்கங்கள் ‘பொறின்’ என்றன. ஒரு நூலகத்துக்கு இணைப்பு எழுத விரும்பியவன் ஐந்தாறு முறை எழுதவேண்டியவனானான். பலர் ஒருமுறை எழுதித் தம் செயலாக்கத்தோடு நின்றனர். சிறு குழு மேலுஞ் சிறு குழுக்களாயிற்று.

இதற்கு மாற்றுத் தேடியோருள் கெவின் றோசன்பேர்க் முதல்வர் எனலாம். அவர் ஆக்கிய ‘யூஎப்எப்ஐ’ பல செயலாக்கங்களுக்குப் பொதுவான இணைப்பு முறையாயிற்று. 2005 இல் ஜேம்ஸ் பீல்மன் ‘சிஎப்எப்ஐ’ என்னும் மற்றொன்றைத் தொடங்கினார். லூயிஸ் ஒலிவெய்ரா அவ்வாண்டிலேயே அதனை விரிவுபடுத்தினார். பிற்காலத்திற் பெரும்பாலோர் இதனையே கைக்கொண்டனர்.

அதன் அமைப்பில் இரு நுட்பங்கள் கருதற்பாலன. முதலாவது, நூலகத்துக்குச் செய்நிரலுக்குள் வழங்கும் பெயர் வேறு, வெளியிலுள்ள கோப்பின் பெயர் வேறு என்று பிரித்தமை. ‘இந்நூலகம் மக்கின்ரொஷாயின் இப்பெயர், பிற யுனிக்ஸாயின் இப்பெயர் அல்லது அப்பெயர், எதுவும் பொருந்தாவிடின் பொதுப்பெயரோடு உரிய ஈற்றைச் சேர்த்துத் தேடுக’ என ஓரிடத்தில் மட்டும் அறிவிக்கப்படும். எஞ்சிய பல்லாயிரம் வரிகளில் எப்பணிசெயல் முறைமையின் பெயரும் வருதல் வேண்டா. இரண்டாவது, வகைகளை மாற்றும் பொறுப்பை வாயிலிலேயே வைத்தமை. லிஸ்ப் சரம் உள்ளிருந்து செல்லும்போது சி மொழிச் சரமாகும். திரும்பும்போது மீண்டும் லிஸ்ப் சரமாகும். பிறமொழிக்குக் கொடுக்கும் நினைவகம் பெரும்பாலும் துப்புரவாளரின் எல்லைக்கு அப்பாலேயே ஒதுக்கப்படும். ஒதுக்கியவரே விடுவித்தல் வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இந்நுட்பம் புதிதன்று. வடசொல் தமிழிற் புகுங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தாற் புணர்ந்து வருதல் வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதி வகுத்தார். ‘கதெய்ரா’ என்னும் போர்த்துக்கேயச் சொல் ஈழத்துத் தமிழிற் கதிரையாயிற்று. ‘கந்தோர்’ என்பது ஒல்லாந்தரின் ‘கந்தூர்’. வந்தபின் அவை கதிரைகள், கந்தோரில், கந்தோருக்கு என்று தமிழ் உருபுகளை ஏற்று நடந்தன. சொல் ஏறும் வாயிலில் மாற்றம் நிகழ்ந்தது. இலக்கணத்தின் உள்ளகம் மாறவில்லை. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தகாது. சொல் தன் முகவரியை மாற்றிக்கொண்டு எவரையும் கெடுப்பதில்லை.

இனித் தமிழெழுத்தின் கதைக்கு வரலாம். றிச்சேட் ஸ்ரோல்மன் 1985 இல் வெளியிட்ட குனு ஈமாக்ஸ், சி மொழியில் அமைந்த சிறு கருவைச் சுற்றி லிஸ்பாற் கட்டப்பட்ட உரைபதிப்பான். அதனைப் பன்மொழிக்கும் உரியதாக்கியவர்கள் யப்பானிய மின்தொழில்நுட்ப ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹண்டா கெனிச்சியும் தோழர்களும். அவர்களது ‘மியூல்’ என்னும் ஆக்கம் 1997 இல் ஈமாக்ஸின் 20 ஆம் பதிப்பிற் கலந்தது. ஆயின் இந்திய எழுத்துக்கள் யப்பானிய எழுத்துக்களைப் போன்றவையல்ல. யுனிகோட் முறையிற் ‘கொ’ என்பது ககரத்தின் குறியையும், அதன்பின் ஒகர உயிர்க்குறியையும் கொண்ட இரு குறிகளின் தொடர். திரையிலோ கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் பின்னுமாக மூன்று வடிவங்கள் தோன்றவேண்டும். குறிகளை வந்த வரிசைப்படியே வரைந்தால் எழுத்துச் சிதையும். வரிசை மாற்றி வடிவமைக்கும் இவ்வேலையைச் செய்பவை தனி நூலகங்கள். அவை சி முதலிய மொழிகளில் எழுதப்பட்டவை; முறைமைக்கு முறைமை வேறானவை.

2009 இல் வெளிவந்த 23 ஆம் பதிப்பில் ஈமாக்ஸ் உள்ளகத்திலும் யுனிகோடை ஏற்றது. லினக்ஸில் ஹண்டா குழுவினரே ஆக்கிய ‘லிப்-ஓரிஎப்’, ‘எம்17என்’ என்னும் நூலகங்கள் எழுத்தை அமைத்தன. விண்டோஸில் மைக்ரோசொப்ற்றின் யூனிஸ்கிரைப் அமைத்தது. மக்கின்ரொஷில் அப்பிள் நிறுவனத்தின் நூலகம் பயன்பட்டது. ஒரே உரை; மூன்று கம்மியர். ஒருவர் கையிற் செம்மையாக அமைந்த கூட்டெழுத்து மற்றொருவர் கையிற் பிறழ்தலும் கூடும். 2020 ஓகஸ்றில் வெளிவந்த 27 ஆம் பதிப்பு ‘ஹார்ப்பஸ்’ நூலகத்தை லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் உரிய முதன்மைக் கம்மியனாக்கியது. திறந்த எழுத்து என்னும் பொருள் தரும் பாரசீகத் தொடரே அதன் பெயர். அதனை வளர்த்தவர் பெஹ்தாத் எஸ்பஹ்போத். விண்டோஸில் அந்நூலகம் ஈமாக்ஸோடு ஒட்டிப் பிறப்பதில்லை. ஓடும்போதே தேடி ஏற்றப்படுகிறது. பிற நூலகங்கள் பலவற்றுக்கு எக்கோப்பு என்பதைக் கூறும் அட்டவணை லிஸ்ப் பட்டியலொன்றாகவே வைக்கப்பட்டுள்ளது. கோப்புக் கிடைக்காவிடின் செய்நிரல் வீழ்வதில்லை. பழைய யூனிஸ்கிரைப்பிடம் வேலையை ஒப்படைக்கிறது. கொட்டியாரம் என்னும் பெயர் அப்போதும் வாசிக்கக்கூடியதாகவே இருக்கும்.

பயனர் தாமே விரும்பிய நூலகத்தை ஈமாக்ஸில் ஏற்றுதற்கோ நெடுநாள் வாயில் திறக்கப்படவில்லை. இங்கே தடை நுட்பம் பற்றியதன்று. மூலத்தை மறைத்த வணிக நூலகங்கள் அவ்வழியே புகுந்து, கட்டற்ற மென்பொருளைத் தமக்கு ஊர்தியாக்கிக்கொள்ளும் என ஸ்ரோல்மன் அஞ்சினார். 2016 செப்ரெம்பரில் வெளிவந்த 25 ஆம் பதிப்பிலேயே வாயில் திறந்தது. அதுவும் ஒரு நிபந்தனையோடு. தான் குனு பொது உரிமத்துக்கு இணங்கியது என்று கூறும் ஒரு குறியை நூலகம் தன்னகத்தே தாங்கியிருத்தல் வேண்டும். இன்றேல் ஈமாக்ஸ் அதனை ஏற்க மறுக்கும். துறைமுகத்துக் கொடியைப் போன்றது இக்குறி. பொய்க்கொடி ஏற்றுவார் இருக்கலாமெனினும், ஏற்றியோர் தாம் செய்ததை அறியாதோர் என்று பின்னர்ச் சொல்ல இயலாது. அவ்வச்சம் மிகையென்பார் பலர். ஒன்பது ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ முன்னதாகவே திறந்திருக்கலாம் என்று கொள்வதிலும் நியாயம் உண்டு. காத்திருந்த காலத்தில் வேறு உரைபதிப்பான்களை நாடியோர் பலர். எனினும் காவலன் இருந்தமை தவறன்று. வாயிலே இல்லாதிருந்தமைதான் குறை. நுழைந்த நூலகமும் லிஸ்பின் பொருள்களை நேரே தொட முடியாது. அதற்குத் தரப்படுவன உட்பொருள் காட்டாத கைப்பிடிகளே. ஒவ்வொன்றையும் ஈமாக்ஸ் தந்த சார்புகளின் வழியாகவே கேட்டுப் பெறல் வேண்டும்.

வழக்குகள் இவ்வாறு ஒருவாறு வகுக்கப்பட்ட பின்னரும் முறைமைகள் மாறியே வந்தன. 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘பிக் சேர்’ முறைமையில், அம்முறைமைக்குரிய நூலகங்கள் தனிக்கோப்புக்களாக வட்டிற் கிடப்பது ஒழிந்து, ஒரு பெருந்தொகுப்பினுட் சேர்ந்தன. பெயர் சொல்லித் திறந்தால் திறக்கும். கோப்பு இருக்கிறதா என்று முன்னர்த் தேடினால் இல்லை என்றே விடை வரும். எச்சரிக்கை மிக்க செய்நிரலாளர், ஏற்றுவதற்கு முன்பு கோப்பைச் சோதித்தவர், இதனால் இடர்ப்பட்டனர். அதே மாதத்தில் அந்நிறுவனத்தின் புதுவகைச் செயலிகளும் வெளிவந்தன. இன்ரெல் செயலிக்கெனத் தொகுத்த நூலகத்தைப் புதுச் செயலிக்குரிய லிஸ்ப் ஏற்க மாட்டாது. நூலகங்களைப் பெற்றுத் தரும் ‘ஹோம்புறூ’ என்னும் களஞ்சியமும் அவ்வியந்திரங்களில் வேறு இடத்துக்குப் பெயர்ந்தது. தேடும் இடங்களை ஒரே பட்டியலில் வைத்திருந்தோர்க்கு ஒரு வரி சேர்த்தலோடு வேலை முடிந்தது.

லிஸ்புக்கே உரிய தொல்லை ஒன்று இன்னும் உளது. ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்பை அதன் நினைவகத்தோடு முழுமையாகக் கோப்பொன்றிற் சேமித்துப் பின்னொரு நாள் எழுப்பலாம். எழும்போது லிஸ்பின் பொருள்கள் உறங்கியவாறே இருக்கும். பிற நூலகங்களின் முகவரிகளோ செல்லாதனவாகிவிடும். எஸ்பிசிஎல் முதலியன தாம் ஏற்றியிருந்த நூலகங்களின் பெயர்களை நினைவில் வைத்து, எழுந்தவுடன் அவற்றை மீண்டும் திறக்க முயலும். சேமித்த கணினியில் இருந்த நூலகம் எழுப்பிய கணினியில் இல்லாவிடினும், வேறு பதிப்பாக இருப்பினும், என் செய்வது என்பதை அவ்வச் செய்நிரலாளனே முடிவு செய்ய வேண்டும். சிலர் சேமிக்குமுன் நூலகங்களையெல்லாம் மூடிவிட்டு, எழுந்தபின் முதலிலிருந்து ஏற்றுவர். வேறு சிலர் வேண்டிய நூலகத்தைத் தம் செய்நிரலோடு ஒரே கோப்புறையில் வைத்து அனுப்புவர்.